உடுமலைப்பேட்டை ஹேமலதா

பெட்டியைத் திறந்தே பாருங்க அம்மிணி. கத்திரிக்கோல் வேணுமுன்னாத் தர்றேன். கரூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, மேலாப்புல பாத்துட்டுப் போனா அப்புறம் மனசுல ஒரு சந்தேகம் ஒட்டிக்கிட்டே இருக்கும். ஒரு வருசப் பாடம் முழுசா இதுக்குள்ள இருக்குதுங்க. அஞ்சாங்கிளாஸுக்கு உண்டானது. கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ், சொல்லிக் குடுக்கற அம்மாவுக்குன்னு தனிப் புஸ்தகம், இன்னைக்கு எந்தப் பக்கம் நாளைக்கு எந்தப் பக்கம்னு அட்டவணை. இங்க பாருங்க, இந்தக் கணக்குக் கட்டைகளோட உறைகூட இன்னும் பிரிக்கலை.

ஏன் பிரிக்கலைன்னு கேக்கறீங்களா? கேக்கலையா. உங்க மூஞ்சி கேக்குது.

காபி எடுத்துக்கோங்க, சொல்றேன். நீங்க எங்க குரூப்புல இல்லைங்கறதாலதான் சொல்றேன். குரூப்புல இருக்கற யார் வந்திருந்தாலும், பையன் வளந்துட்டான் அதான் விக்கறேன்னு ஒரே வரியில முடிச்சிருப்பேன்.

கோயமுத்தூர்ல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுல வெச்சே சொல்லிக் குடுக்கற குடும்பம், நான் ஆரம்பிச்சப்போ விரல் விட்டு எண்ணிரலாம். இப்போ அம்பதுக்கு மேல இருக்குது. அந்த வாட்ஸப் குரூப்பை ஆரம்பிச்சதே நாந்தான். கோகிலவாணின்னு பேரைச் சொன்னாப் போதும், எல்லாருக்கும் தெரியும். அதாவது, முந்தி தெரியும்.

முந்தியெல்லாம் எப்படி வாங்குவோம் தெரியுங்களா? வருசத்துக்கு ஒருக்கா. ஏப்ரல் பொறந்தா ஆளாளுக்கு எனக்குப் போன் போடுவாங்க. "அக்கா, என்ற பொண்ணுக்கு எதுங்க்கா சரியா வரும்? அந்தக் கம்பெனிப் பெட்டியா, இந்தக் கம்பெனிப் பெட்டியா?" நான் கேப்பேன். பொண்ணு படத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கறவளா, சொல்லக் கேட்டுப் புரிஞ்சுக்கறவளா, ஒரு இடத்துல அரை மணி நேரம் உக்காருவாளா. எல்லாத்தையும் கேட்டுட்டு முடிவு சொல்லுவேன். எல்லாருக்கும் சேத்து வெளிநாட்டுக்கு ஆன்லைன்ல ஒரே ஆர்டர், அதையும் நாந்தான் போடுவேன், அனுப்பற செலவு கொறையுமுன்னு. மே மாசக் கடைசியில பெட்டியெல்லாம் இங்க வந்து எறங்கும். இந்த ஹாலு கொள்ளாது. பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, அவங்க பிள்ளைங்க, டேப்பைக் கிழிக்கற சத்தம். நான் தக்காளிச் சாதம் கிளறி வெச்சிருப்பேன். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கற மாதிரி இருக்கும் அம்மிணி. எங்கிட்டக் கேக்காம ஒருத்தி ஒரு பெட்டி வாங்கினதில்லை. நல்ல காலமுங்க அது.

கொரோனா வந்துச்சு பாருங்க, அதுல எல்லாம் மாறிப் போச்சு. புதுசு புதுசா ஆளுங்க சேந்தாங்க. போன் ஆப்பு, வீடியோ, மாசச் சந்தான்னு ஒரு வருசம் ஓடுச்சு. பிள்ளைங்க கண்ணு கெட்டுப் போகுதுன்னு அதை விட்டாங்க. அப்புறம் வந்ததுதான் இப்ப இருக்கற பழக்கம். முழு வருசத்துக்குன்னு யாரும் வாங்கறதில்லை. ஒரே ஒரு பாடம். பின்னம் மட்டும். இல்லைன்னா மழை மட்டும். மாதிரிப் பக்கம் ரெண்டை இலவசமா எறக்கி, பிள்ளைகிட்டக் குடுத்துப் பாக்கறது. அவன் மூஞ்சியைச் சுளிக்கலைன்னா அந்த ஒரு பாடத்தை வாங்கறது. பி.டி.எஃப் வரும், ஜெராக்ஸ் கடையில குடுத்து ஸ்பைரல் போட்டுக்கறது. பிடிக்கலைன்னா அடுத்த மாசம் வேற ஆள்கிட்ட. கொத்தமல்லிக் கட்டு வாங்கற மாதிரி! படிப்பை இப்படியாங்க வாங்கறதுன்னு நான் குரூப்புல கேட்டேன். ரெண்டு பேரு கை கூப்பற பொம்மை போட்டாங்க. அவ்வளவுதான் பதிலு.

அந்தப் பழக்கத்தோட கூடவே வந்தவதான் சங்கவி. முப்பது வயசு இருக்கும். பாக்க ஒண்ணும் பெருசா இல்லை. சரி, நல்லாத்தான் இருப்பா, கன்னத்துல குழி விழும். கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்துட்டு, பொண்ணுக்காக வேலையை விட்டவ. பொண்ணுக்குன்னு தானே பாடம் எழுதி, தானே படம் வரைஞ்சு, சின்னதா ஒரு வெப்சைட்டுல போட்டு வித்தா. ஒரு பக்கம் தமிழு, எதிர்ப் பக்கம் இங்கிலீஷு. வெளிநாட்டுப் பெட்டியில பின்னமுன்னா கேக்கை வெட்டுவாங்க. இவ பணியாரக் கல்லைப் போட்டிருந்தா. ஒரு குழிக்கு மாவு ஊத்தியாச்சு, இன்னும் எத்தனை பாக்கி? அவ்வளவுதான், பெரிய விசயம் ஒண்ணுமில்லை. ஆனா குரூப்பே அவ பக்கம் சாஞ்சிருச்சு.

அந்த ஏப்ரல்ல என்ற போன் அடிக்கலைங்க. ரெண்டே ரெண்டு பேரு கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தி தக்காளிச் சாதத்துக்குப் பக்குவம் கேக்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. இதுல மறைக்க என்ன இருக்குது, எரிஞ்சுச்சு. வீம்புக்குன்னு இந்தப் பெட்டியை எனக்கு மட்டும் தனியா வரவழைச்சேன். வந்து எறங்குச்சு. பிரிக்க ஒரு ஆள் வரலை. அதான் உறை அப்படியே இருக்குது.

அப்பத்தான் நினைச்சேன், இவ எழுதற பாடத்துல தப்பே இல்லாமலா இருக்கும்? வாங்கிப் பாத்துரலாம்னு. என்ற பேருல வாங்கினா, கோகிலவாணியே எங்கிட்ட வாங்கிட்டாங்கன்னு தண்டோரா போட்டிருவா. வீட்டுக்காரரோட பழைய போன் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதுல வேற நம்பர். ஹேமலதா, உடுமலைப்பேட்டைன்னு பதிஞ்சேன். ஆறாவதுல என் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு பேருங்க அது. வேற பேரு ஒண்ணும் அந்நேரத்துக்கு வாயில வரலை.

தப்பு இருந்துச்சா? அம்மிணி, மலை மலையா இருந்துச்சு. ஆத்துப் பாடத்துல நொய்யல் ஆத்துக்கு அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு, திரும்பவும் வெள்ளியங்கிரி மலைக்கே ஓட விட்டிருந்தா! பணியாரக் கல்லுல ஏழு குழி. ஏழுல பாதி எவ்வளவுன்னு எட்டு வயசுப் பிள்ளை எப்படிங்க சொல்லும்? உக்காந்து மூணு பக்கத்துக்கு எழுதினேன். "பன்னெண்டு குழிக் கல்லைப் போடு. பாதின்னா ஆறு, மூணுல ஒண்ணுன்னா நாலு, கால்னா மூணு, எல்லாம் முழுசா வரும். இதுகூட யோசிக்காம பாடம் எழுதக் கெளம்பிட்டியா?"ன்னு. கடைசி வரியை அப்படியே போட்டேன். அழட்டும்னுதான் போட்டேன்.

ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு. "ஹேமலதாக்கா, ரொம்ப நன்றிங்க்கா. இத்தனை கவனமா யாரும் படிச்சதில்லை. மாத்திட்டேன், பாருங்க." மாத்தியிருந்தா. பன்னெண்டு குழி. நொய்யலும் கிழக்கே ஓடுச்சு.

எனக்கு இன்னும் கோவம் வந்துச்சு. அடுத்த பாடம் வாங்கினேன். அதுக்கு நாலு பக்கம் எழுதினேன். அதையும் மாத்தினா. இப்படியே ஒன்பது மாசம். வர்ற பாடம் ஒண்ணு விடாம வாங்கினேன், ஒரு வரி விடாமப் படிச்சேன். என்ற சின்னப் பையன் நிரஞ்சனுக்கும் போட்டுப் பாத்தேன். தப்பைக் கண்டுபிடிக்கோணும்னா யாராவது ஒரு பிள்ளை செஞ்சு பாக்கோணுமில்லைங்களா? அவன் இப்ப பின்னம், தசமம் எல்லாம் படபடன்னு சொல்றான். அதுக்கு நான் என்ன பண்றது? சோதனைக்குக் குடுத்ததுல படிச்சுட்டான்.

வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பாத்துட்டுச் சொல்றாரு, "ஏம்மா கோகிலா, நீ அந்தப் பொண்ணோட எதிரியா, இல்லை அவகிட்ட வேலைக்குச் சேந்துட்டியா?" அவருக்கு என்னங்க தெரியும். மோட்டார் பம்பு விக்கற மனுசன்.

ஒருக்கா அவ போன்ல பேசோணும்னு கேட்டா. குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிருவாளே. தொண்டைக்கு ஏதோ வந்து பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு எழுதிட்டேன். அன்னையில இருந்து தெனம் விசாரிப்பு. "தொண்டை எப்படி இருக்குதுங்க்கா? சித்தரத்தை தட்டிப் போட்டு வெந்நி குடிங்க்கா. மிளகாயைக் கொறைச்சுக்கோங்க." அதே மாசம் எனக்கு நெசமாவே காய்ச்சல். நாலு நாளு படுத்துக் கெடந்தேன். குரூப்புல போட்டேன், காய்ச்சலா இருக்குது, ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துக்கு வரலைன்னு. கை கூப்பற பொம்மைதான் வந்துச்சு. ஆனா அந்தப் பழைய போனுல காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இல்லாத தொண்டைக்கு! போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அதைப் படிக்கறப்போ எனக்கு யார் மேல ஆத்திரம் வந்துச்சு தெரியுங்களா? சங்கவி மேல இல்லை. அந்த ஹேமலதா மேல.

சிரிக்காதீங்க. உங்களுக்கு வந்தாத் தெரியும்.

காய்ச்சல் விட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். மாசத்துக்கு ஒருக்கா பார்க்குல கூடுவோம், பிள்ளைங்க விளையாடும், நாங்க பேசுவோம். ஒருத்தி பன்னெண்டு குழிக் கல்லு ஒண்ணை நெசமாவே கொண்டு வந்திருக்கா. பிள்ளைங்க சுத்தி உக்காந்து மாவை ஊத்திப் பின்னம் போடுதுங்க. அத்தனை பேரும், "என்ன மூளை பாரு, என்ன மூளை பாரு"ங்கறாங்க. நான் என்னையறியாம நிமுந்து உக்காந்தேன். சங்கவி சொல்றா, "இது நான் யோசிச்சதில்லைங்க. உடுமலைப்பேட்டையில ஹேமலதாக்கான்னு ஒருத்தங்க. என்ற பாடத்தையெல்லாம் வரி வரியாத் திருத்தறது அவங்கதான். கடிஞ்சுதான் எழுதுவாங்க, ஆனா அதுக்குள்ள எவ்வளவு அக்கறை!" ஆளாளுக்கு ஹேமலதா புராணம். ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன், பாக்கோணும்ங்கறா ஒருத்தி. பத்து வருசம் இந்தப் பொம்பளைங்களுக்கு ஆர்டர் போட்டுப் பெட்டி தூக்கினவ பக்கத்துலயே உக்காந்திருக்கேன். "பாத்தா நானும் அறிமுகம் பண்ணிக்கறேன்"னு சொன்னேன். வாயெல்லாம் கசப்பு.

அப்புறம்தான் அது வந்துச்சு. போன மாசம், ஒரு செவ்வாய்க்கெழமை மத்தியானம். ஹேமலதாவுக்குச் சங்கவி எழுதறா. நான் மனப்பாடமாச் சொல்லுவேன் கேளுங்க. "அக்கா, பாடம் அதிகமாயிருச்சு. வெளியிடறதுக்கு முன்னால முழுசாப் பாத்து, வாங்கற அம்மாமாருக்கு எது சரியா வரும்னு சொல்றதுக்கு ஒருத்தங்க வேணும். அட்டையில அவங்க பேரும் போடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தொண்டை சரியில்லை, தூரமும் வேற. இங்க கோகிலவாணியக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. பத்து வருசமா இதையே பண்ணினவங்க. அவங்களைக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயம், ஆனா அவங்களை விட்டா இதுக்கு ஆள் இல்லை. கேக்கலாங்களா? நீங்க சொன்னாக் கேக்கறேன்."

படிச்சதும் கண்ணு நெறைஞ்சிருச்சு அம்மிணி. பொய் சொல்லலை. யாராவது என்னைக் கேக்க மாட்டாங்களான்னு ஒரு வருசமா ஏங்கிக் கெடந்தவளுக்கு அட்டையில பேரு! சரின்னு எழுதறதுக்குத்தான் போனை எடுத்தேன். எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் யோசிச்சேன். ஒன்பது மாசம் உக்காந்து வரி வரியாத் திருத்தினது யாரு? பன்னெண்டு குழியைக் கண்டுபிடிச்சது யாரு? வேலையெல்லாம் ஹேமலதா பண்ணுவா, பேரு மட்டும் நோகாம வந்து கோகிலவாணி வாங்கிட்டுப் போயிருவாளா? ஆமா, அப்படித்தான் தோணுச்சு. எப்படித் தோணுச்சுன்னு கேக்காதீங்க. அந்தப் போனைக் கையில எடுத்தா நான் வேற ஆளாயிர்றேன்.

எழுதிட்டேன். "வேண்டாம். அந்தம்மாவைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். அவங்களுக்குப் பாடம் முக்கியமில்லை, நாலு பேரு வந்து தன்னைக் கேக்கோணும், அதுதான் முக்கியம். கேக்காம விட்டாத் தாங்க மாட்டாங்க. அடுத்தவங்க பண்றது எதையும் நல்லாருக்குன்னு அவங்க வாயால சொல்ல வராது. நானே பாத்துக்கறேன்."

அனுப்பிட்டுத்தான் திரும்பப் படிச்சேன்.

சங்கவி உடனே, "அப்படிச் சொல்லாதீங்க்கா, நீங்க அவங்களைப் பாத்ததில்லை"ன்னு எழுதினா. எனக்கு அதுக்கும் கோவம். நான் சொன்னா எதுத்துப் பேசறாளேன்னு. ரெண்டு நாளு பதிலே போடலை. கடைசியில அவளே எறங்கி வந்து, சரிங்க்கா, நீங்களே இருங்கன்னுட்டா. குரூப்புல அறிவிப்பு வந்துச்சு, இனி எந்தச் சந்தேகம்னாலும் ஹேமலதாக்காகிட்டக் கேளுங்கன்னு. அன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. "அக்கா, என்ற பொண்ணுக்கு எதுங்க்கா சரியா வரும்?" அதே கேள்வி, அதே பொம்பளைங்க. ராஜேஸ்வரி, சுபத்ரா, எல்லாரும் என்ற கையால தக்காளிச் சாதம் சாப்பிட்டவங்க. ஒவ்வொருத்திக்கும் உக்காந்து பொறுமையாப் பதில் சொல்றேன். என்ற சொந்தப் போனு அந்த டீப்பாய் மேல சத்தமில்லாமக் கெடக்குது.

முந்தாநேத்து மத்தியானம் சங்கவி இங்க வந்தா. எள்ளுருண்டை வாங்கிட்டு வந்திருந்தா. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடத்துல உக்காந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, மனசு கேக்கலைங்க்கா. உங்களைத்தான் முதல்ல கேக்கோணும்னு இருந்தேன். ஹேமலதாக்கா வேண்டாம்னுட்டாங்க"ன்னா.

"என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டேன்.

தயங்கித் தயங்கிப் போனைக் காட்டினா. நான் எழுதினதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா அம்மிணி, இன்னொருத்தர் போனுல, மேல ஹேமலதாக்கான்னு பேரு போட்டு, ஒரு சின்னப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கப் படிச்சேன் பாருங்க, நெஞ்சுல குத்துச்சு. கேக்காம விட்டாத் தாங்க மாட்டாங்க. யாருங்க இவ? எங்கயோ உடுமலைப்பேட்டையில இருந்துக்கிட்டு எனக்குள்ள இருக்கறதை எப்படி இத்தனை கரெக்டாச் சொல்றா?

"நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க்கா. அவங்களை வேண்டாம்னு சொல்லிர்றேன்"ங்கறா சங்கவி.

சரின்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஹேமலதா போயிருப்பா, நான் வந்திருப்பேன், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா வாய் சும்மா இருக்கலை. "அவங்களை விடறதுல உனக்கு வருத்தமில்லையா?"ன்னு கேட்டுட்டேன்.

அவ்வளவுதான், பொலபொலன்னு அழுதுட்டா. "இல்லாம இருக்குமாங்க்கா? அவங்க இல்லைன்னா முதல் பாடத்தோடவே நான் விட்டிருப்பேன். எனக்கு அம்மா இல்லை. திட்டித் திருத்தறதுக்குன்னு எனக்கு இருக்கறது அவங்க ஒருத்தங்கதான்."

அழறவளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இத்தனை வருசத்துல எனக்காக ஒருத்தி இப்படி அழுதிருப்பாளா? பெட்டி வந்தா வாங்கிட்டுப் போனாங்க, அக்கா அக்கான்னாங்க, அடுத்த வருசம் வேற எடத்துல வாங்கினாங்க. முகமே தெரியாத ஒருத்திக்கு எதுக்கு இத்தனை அழுகை? அவ போயிட்டா அந்த எடத்துல நான் போய் உக்காரவா? அவ விட்டுட்டுப் போனதை நான் எடுத்துக்கவா? "வேண்டாம் கண்ணு, அந்தம்மாவே இருக்கட்டும்"னு சொல்லிட்டேன்.

சங்கவி என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. உங்களைப் போய் அவங்க இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு திரும்பவும் அழுதா. எள்ளுருண்டையை நான்தான் அவ வாயில ஒண்ணு போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் பழைய போனுக்கு மெசேஜ் வந்துச்சு. "ஹேமலதாக்கா, கோகிலவாணியக்காவைப் பத்தி நீங்க சொன்னது தப்பு. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். நீங்களே இருக்கோணும்னு சொன்னது அவங்கதான். எவ்வளவு பெரிய மனசு! அவங்க நம்பர் அனுப்பியிருக்கேன். எனக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருங்க்கா."

நியாயமாத்தான் எழுதியிருந்தா. சின்னப் பொண்ணுன்னாலும் நியாயம் தெரிஞ்சவ.

ரெண்டு நாளாச்சு அம்மிணி. என்ற சொந்தப் போனை நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கறேன். அந்த ஹேமலதாகிட்ட இருந்து ஒரு வார்த்தை வரலை. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான் போட்டாத்தானே வரும்ங்கறீங்களா? நான் எதுக்குங்க போடோணும்? ஊருக்கு முன்னாடி அவ பேரு வாங்கிட்டா, எடத்தையும் வாங்கிட்டா, அந்தப் பொண்ணு அழுகையையும் வாங்கிட்டா. பேச்சு வாங்கினது மட்டும் நான். அவதான் கேக்கோணும்.